டேஷ்போர்டு முருகனும் அடியில் மடங்கிக் கிடக்கும் பையும்

திருத்தணி மலைக்குப் புதுக் கார் வாங்கியவர்கள் வந்தபடியே இருப்பார்கள். சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். அதனால் பூஜைக்கு நிற்கும் வண்டிகளில் இரண்டு மாநிலப் பதிவெண்களும் கலந்தே இருக்கும். முகப்பில் மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அது நசுங்கியதும் அடுத்த வேலை கடைத்தெருவில். கைக்கடக்கமான முருகன், பக்கத்தில் மயில், கையில் பித்தளை வேல், அடியில் டபுள் சைடு டேப். தாளை உரித்து அழுத்தினால் போதும். எங்கே வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. காரே இடம் காட்டிவிடுகிறது. முன்னால் இடப்பக்கம் உட்காருபவருக்கு நேர் எதிரே, டேஷ்போர்டின் மேல், ஒரு பொத்தான்கூட இல்லாமல் சமதளமாக ஒரு பரப்பு சும்மா கிடக்கிறது.

சும்மா கிடப்பதற்குக் காரணம் உண்டு. ஓரத்தில் உற்றுப் பார்த்தால் ‘எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்’ என்று ஆங்கிலத்தில் சின்னதாகப் பொறித்திருக்கும். அடியில் ஒரு துணிப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் வெளியாகும் புது மாடல் கார்களுக்கு முன்பக்கம் இரண்டு ஏர்பேக் கட்டாயம்; ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு அந்த ஆண்டின் இறுதிவரை அவகாசம் தந்தார்கள். ஆக, இன்று மலையேறிப் பூஜைக்கு வரும் புதுக் காரில் முருகன் உட்காரும் இடத்துக்கு அடியில் பை இருக்கிறது என்று பந்தயமே கட்டலாம். பல கார்களில் அதன் மூடி வெளியே தெரியாது. டேஷ்போர்டின் உட்புறத்தில் ஒரு கோடு கீறி அந்த இடத்தை மெலிதாக்கியிருப்பார்கள். பை விரியும்போது அந்தக் கோட்டில்தான் கிழியும்.

காருக்குள் இப்படிப்பட்ட இடங்கள் பல. பார்வைக்கு வெறுமை, ஆனால் ஏதோ ஒன்று விரியவோ, நசுங்கவோ, அசையவோ, கண்ணுக்குத் தெரியவோ வேண்டும் என்று கணக்குப் போட்டு விடப்பட்டவை. ஆக்சஸரீஸ் கடையில் விற்கும் பொருள்களில் பாதி இந்த இடங்களை நிரப்புவதற்கென்றே பிறந்தவை. வீட்டில் காலி மூலையைக் கண்டால் ஸ்டூல் போடும் பழக்கம் நமக்கு. காரிலும் அதே கை நீள்கிறது.

ஏர்பேக்கின் கணக்கு மில்லி விநாடிகளில் நடப்பது. வண்டி மோதிய உடனே உணரிகள் வேகக் குறைவை அளந்து கணினிக்குச் சொல்கின்றன. இது வெறும் பள்ளமா, உண்மையான மோதலா என்று அது 15, 20 மில்லி விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். முடிவெடுத்ததும் ஒரு வேதிப்பொருள் பற்றிக்கொள்கிறது. ஒரு காலத்தில் சோடியம் அசைடு. இப்போது பெரும்பாலும் குவானிடின் நைட்ரேட். அதிலிருந்து குபீரென்று கிளம்பும் வாயு பையை அடைத்துக்கொண்டு வெளியே தள்ளுகிறது. சுமார் 30 மில்லி விநாடியில் பை முழுதாக விரிந்துவிடும். ஒரு தடவை கண் இமைப்பதற்குள் இதைப்போல மூன்று மடங்கு நேரம் ஓடிவிடும். விரியும் விளிம்பின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை போகும். பல கார்களில் பயணிப்பக்கத்துப் பை முதலில் மேல்நோக்கிக் கிளம்பி, முன்கண்ணாடியில் முட்டி, அதைச் சாய்மானமாகக் கொண்டு பயணியின் பக்கம் திரும்புகிறது.

அந்தப் பாதையில் 200 கிராம் எடையுள்ள சிலை ஒன்று ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். பையின் வேகம் முழுவதும் அதற்குக் கிடைக்காது. பாதிதான் கிடைக்கிறது என்றே கொள்வோம். மணிக்கு 150 கிலோமீட்டர். உலகத்தின் மிக வேகமான பந்துவீச்சாளர்கள் எறியும் வேகம் அது. கிரிக்கெட் பந்தின் எடை 160 கிராம் அளவு, உருண்டை, மட்டையாளர் 20 மீட்டர் தள்ளி, தலையில் ஹெல்மெட்டோடு நிற்கிறார். இங்கே எறியப்படுவதற்குக் கூரான வேல் இருக்கிறது. தூரமோ ஒரு முழம், ஒன்றரை முழம். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் மனைவி அல்லது அம்மா, சில வீடுகளில் மடியில் குழந்தையோடு. டப்பா வடிவக் கண்ணாடி சென்ட் பாட்டில், ஆடும் தலை பொம்மை, மொபைல் ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

இது வெறும் கற்பனைக் கணக்கில்லை. அமெரிக்காவில் ஸ்டீயரிங்கின் நடுவில் இருக்கும் கம்பெனி முத்திரைமேல் பளபளக்கும் கற்கள் பதித்த தகடு ஒன்றை ஒட்டிக்கொள்ளும் மோகம் பரவியது. ஒரு விபத்தில் ஏர்பேக் விரிந்தபோது அந்தத் தகடு பெயர்ந்து ஓட்டுநரின் முகத்தில் அடித்து, ஒரு கண்ணின் பார்வை போனது. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் இதை எச்சரிக்கையாகவே வெளியிட்டது. நம் கடைகளிலும் ஸ்டீயரிங் நடுவில் ஒட்டுவதற்கு ஓம், வேல், சிலுவை, பிறை எல்லாம் உலோகத்தில் கிடைக்கின்றன. எந்த மதத்துக்கும் விலக்கில்லை.

பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் சீட் கவரும் இந்தக் கதையில் சேர்கிறது. அந்தப் பை இருக்கையின் ஓரத்திலிருந்து, கதவுப் பக்கத்துத் தையலைப் பிய்த்துக்கொண்டு வெளிவர வேண்டும். பக்கவாட்டு மோதலில் கதவுக்கும் விலாவுக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. நேரமும் முன்மோதலைவிடக் குறைவு. அதன்மேல் தடித்த ரெக்ஸின் உறையை இறுக்கித் தைத்து மாட்டினால், பை திசை மாறும் அல்லது தாமதமாகும். கார் கம்பெனியே விற்கும் உறையில் அந்த ஓரத்தை எளிதில் பிரியும் தையலாக விட்டிருப்பார்கள். கவர் தைப்பவரிடம் ‘சைடு ஏர்பேக் இருக்கிறது, அந்தப் பக்கம் திறந்து விடுங்கள்’ என்று சொன்னால் அனுபவப்பட்டவருக்குப் புரியும்.

இதுவரை சொன்னவை அறியாமல் செய்பவை. தெரிந்தே வாங்கும் பொருள் ஒன்று உண்டு: சீட் பெல்ட் அலறலை நிறுத்தும் கிளிப். பெல்ட்டின் நாக்கை மட்டும் வெட்டி எடுத்த மாதிரி ஒரு உலோகத் துண்டு. கொக்கிக்குள் செருகினால் வண்டி வாயை மூடிக்கொள்ளும். 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கும் முன்பயணிக்கும் பெல்ட் நினைவூட்டி கட்டாயமானது. அந்தக் கட்டாயமே இந்தக் கிளிப்புக்குச் சந்தையைத் திறந்துவிட்டது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் நடந்த விபத்தில் டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அவர் பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்தார் என்ற செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டு, இந்தக் கிளிப்புகளுக்கான 13,118 விற்பனைப் பக்கங்களை நீக்க வைத்தது. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை.

கிளிப்பின் தீங்கு ஒலியை அடக்குவதோடு முடிவதில்லை. பல கார்களில் ஏர்பேக் கணினி, பெல்ட் மாட்டியிருக்கிறதா என்பதைக் கொக்கியிலிருந்தே தெரிந்துகொள்கிறது. பெல்ட் மாட்டியவர் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கப்பட்டிருப்பார். அவருக்குப் பை தேவைப்படும் மோதல் கொஞ்சம் பலமானதாக இருக்கும். மாட்டாதவருக்கு அதைவிடச் சிறிய மோதலிலும் பை தேவை. கிளிப்பைச் செருகியவர், தான் பெல்ட் போட்டிருப்பதாகக் கணினியிடம் பொய்ச்சாட்சி சொல்கிறார். அதற்குமேல் இன்னொன்று. பெல்ட் இல்லாத உடம்பு, மோதலுக்கு முன் பிரேக் பிடிக்கும்போதே முன்னே சரிந்துவிடுகிறது. பை விரியும் நேரத்தில் முகம் டேஷ்போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும். காப்பாற்ற வந்த பை, மணிக்கு 300 கிலோமீட்டரில் அறையும் கையாகிவிடும்.

இனி காருக்கு வெளியே வருவோம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு நடந்துவரும் கூட்டம் எத்தகையது என்று தெரியும். புஷ்பக் காவடியும் பால்குடமுமாகத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். தோளில் குழந்தை, தலையில் சுமை, காலில் செருப்பிருக்காது. நெடுஞ்சாலையின் ஓரமே அவர்களுக்கு நடைபாதை. அதே சாலையில் முகப்பில் எஃகுக் குழாய்களைப் பூட்டிக்கொண்டு கார்களும் வருகின்றன. ‘பம்பர்’ என்று நம்மூரில் சொல்லும் அந்தக் குழாய்ச் சட்டத்தின் பூர்வீகம் ஆஸ்திரேலியப் புல்வெளி. மனித நடமாட்டமே இல்லாத தூரங்களில் இரவில் குறுக்கே பாயும் கங்காரு, ரேடியேட்டரை உடைத்து வண்டியை நடுக்காட்டில் நிறுத்திவிடாமல் இருக்கச் செய்தது. திருத்தணி சாலையில் குறுக்கே வருவது கங்காரு இல்லை.

காரின் முகப்பு நசுங்குவதற்காகவே செய்யப்படுகிறது. பம்பர் தோலுக்குப் பின்னால் நுரைப்பொருள். அது காலில் படும் அடியை வாங்கிக்கொள்கிறது. போனட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே வெற்றிடம். மேலே விழும் தலை, தகட்டை அமுக்கிக்கொண்டு உள்ளே போக அது வேண்டும். எஃகுக் குழாய் இந்த இரண்டையும் ரத்து செய்கிறது. விரிந்த பரப்பில் பரவ வேண்டிய விசை, இரண்டு அங்குலத் தடிமனுள்ள குழாயில் குவிகிறது. பெரியவருக்கு அது இடுப்பெலும்பின் உயரம். சின்னப் பிள்ளைக்கு நெஞ்சு அல்லது தலை. ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே இதற்குத் தனிச்சட்டம் போட்டு, பாதசாரிச் சோதனையில் தேறாத கடினமான சட்டங்களை அனுமதிக்க மறுத்தது.

‘நடந்து போகிறவன் பாடு எப்படியோ, எனக்குப் பாதுகாப்பு’ என்று நினைப்பவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மெர்சிடஸ் பொறியாளர் பேலா பாரேனி 1950-களின் தொடக்கத்தில் ஒரு யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார்: காரின் நடுக்கூடு உறுதியாக இருக்க வேண்டும், முன்னும் பின்னும் நசுங்க வேண்டும். 1959-இல் அது விற்பனைக் காரில் வந்தது. இன்று ஓடும் கார்கள் அத்தனையும் அந்த வழியில்தான் செய்யப்படுகின்றன. மணிக்கு 50 கிலோமீட்டரில் சுவரில் மோதும் காரின் முகப்பு 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே இருப்பவருக்குச் சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 16 மடங்கு வேகத்தளர்வு. 70 கிலோ எடையுள்ளவரை பெல்ட் அந்தக் கணத்தில் ஒரு டன்னுக்குமேல் எடையாகத் தாங்கிப் பிடிக்கிறது. சேஸியில் நேராகப் போல்ட் போட்டு முடுக்கிய குழாய், விசை போகும் வழியை மாற்றி நசுங்கலைப் பாதியாகக் குறைத்தால், 16 என்பது 32 ஆகும். விலாவெலும்பு அந்த வித்தியாசத்தை உணரும். போதாதற்கு, மோதலின் முதல் அதிர்வு எப்படி வரும் என்று ஏர்பேக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்தது குழாய் இல்லாத காரை மோதவிட்டுத்தான். குழாய் பூட்டியபின் பை எப்போது விரியும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. உரசலிலும் சின்ன இடியிலும் பெயின்ட் தப்பிக்கும், அது உண்மை. பலர் பம்பர் போடுவதே அதற்காகத்தான் என்பது என் எண்ணம். பாதுகாப்பு என்பது பிறகு சேர்த்துக்கொண்ட சாக்கு.

2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இவை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு மாறானவை, நடவடிக்கை எடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. 2020 கடைசியில் தமிழ்நாட்டில் சாலையோரத்தில் வண்டிகளை நிறுத்திக் கழற்றவைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். கொஞ்ச நாள் பழைய இரும்புக் கடைகளுக்கு நல்ல வியாபாரம்.

மலைப்பாதைக்கு வருவோம். திருத்தணி மலை உயரமானதில்லை. நடந்தால் 365 படி, வண்டியில் போனால் சில நிமிடம். ஆனால் இறக்கம் இறக்கம்தான். பிரேக் மிதி முழுவதும் கீழே போக இடம் வேண்டும், ஆக்சிலரேட்டர் விட்டதும் மேலே வர இடம் வேண்டும். கால் வைக்கும் அந்தக் குழிக்குள்தான் நாம் மேட்டின்மேல் மேட் போடுகிறோம். கம்பெனி மேட் அழுக்காகக்கூடாது என்று அதன்மேல் ரப்பர் மேட், அதற்குமேல் ‘7டி’ மேட். அடிமேட் தரையிலுள்ள கொக்கியில் மாட்டியிருக்கும். மேலே போட்டதற்குப் பிடிப்பே கிடையாது, கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரும்.

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே டொயோட்டாவின் லெக்சஸ் கார் ஒன்றில் ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டு வண்டி மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிப் பறந்தது. ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி. வேகமாக ஓட்டுவதில் பயிற்சி பெற்றவர். காரிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். வேறொரு மாடலுக்கான ரப்பர் மேட் உள்ளே போடப்பட்டிருந்ததும் அது மிதியைப் பிடித்துக்கொண்டதும் விசாரணையில் தெரிந்தது. சில வாரங்களில் டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளின் உரிமையாளர்களிடம் மேட்டைக் கழற்றச் சொன்னது. இதில் ஒரு இயற்பியல் நுணுக்கம் உண்டு. பெட்ரோல் கார்களில் பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டர், இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் இயங்குகிறது. ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்திருக்கும்போது அந்த வெற்றிடம் உண்டாவதில்லை. பயத்தில் பிரேக்கை விட்டுவிட்டு அமுக்கினால், சேமித்து வைத்ததும் இரண்டு மூன்று அமுக்கில் தீர்ந்து, மிதி கல்லாகிவிடும். அப்படி ஒரு நிலை வந்தால் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும், கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும்.

மேட்டைவிட எனக்குப் பயம் தருவது அர்ச்சனைத் தேங்காய். தரிசனம் முடிந்து வரும் பை முன் இருக்கைக்கு அடியில் போகும். வண்டி இறக்கத்தில் மூக்கைத் தாழ்த்துகிறது, வளைவுக்கு முன் பிரேக் விழுகிறது, உருளக்கூடியதெல்லாம் முன்னே வருகிறது. முழுத் தேங்காயோ தண்ணீர் பாட்டிலோ பிரேக் மிதிக்கு அடியில் வசமாகச் சிக்கிக்கொண்டால், எவ்வளவு பலமாக மிதித்தாலும் மிதி கீழே இறங்காது. பிரசாதப் பைக்கு டிக்கிதான் சரியான இடம். இதற்குச் செலவே இல்லை.

இரவில் நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு எதிர்வெளிச்சம் பழகிப்போன தொல்லை. எல்லோரும் ஹை பீம் போட்டு வருகிறார்கள் என்று திட்டுகிறோம். பாதிப் பேர் டிம்மில்தான் வருகிறார்கள். பல்பை மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். சாதாரண ஹாலஜன் விளக்கில் ஒளி கிளம்புவது மெல்லிய ஒரு கம்பிச்சுருளிலிருந்து. அது பிரதிபலிப்பானின் குவியப்புள்ளியை ஒட்டி எங்கே இருக்க வேண்டும் என்பது மில்லிமீட்டரில் தீர்மானமானது. டிம் சுருளுக்கு அடியில் சிறு உலோகக் கிண்ணம் ஒன்று பாதி ஒளியை மறைக்கும். இவற்றால்தான் சுவரில் வெளிச்சம் போட்டால் மேல்விளிம்பு கோடு கிழித்ததுபோல் வெட்டுப்பட்டு, இடப்பக்கம் மட்டும் சற்று ஏறித் தெரிகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே சாலை. மேலே எதிரே வருபவரின் கண். அதே கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகினால், கம்பி இருந்த இடத்தில் ஒரு பலகையும் அதன் இருபுறமும் சில்லுகளும் வருகின்றன. குவியம் தவறுகிறது, கோடு கலைகிறது, ஒளி மேலேயும் சிதறுகிறது. ஓட்டுபவருக்கோ முன்னால் பத்து மீட்டர் பளீரென்று தெரிவதால் விளக்கு அருமை என்று தோன்றும். பக்கத்துத் தரை அத்தனை வெளிச்சமாக இருந்தால் கண்ணின் பாவை சுருங்கி, தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். பாதிக்கப்படுவது இரு தரப்பும். கூசிய கண் தெளிய மூன்று நொடி என்று வைத்துக்கொண்டால், 80-இல் போகும் வண்டி அதற்குள் 66 மீட்டர் கடந்துவிடும். வயதானவர்களுக்கு மூன்று நொடி போதாது.

60 வாட் பல்பைக் கழற்றி 100 வாட் போடுவது பழைய வித்தை. 12 வோல்ட் மின்சுற்றில் மின்னோட்டம் 5 ஆம்பியரிலிருந்து 8-க்குமேல் ஏறும். ஒயரில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் ஏறக்குறைய 2.8 மடங்கு. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போட்டுத் தருபவரும் உண்டு. அதற்குப்பிறகு ஃபியூஸ் போகாது, ஒயர் போகும்.

கண்ணாடியில் ஒட்டும் கூலிங் ஷீட் விஷயத்தில் கடைக்காரரும் வாடிக்கையாளரும் சேர்ந்தே ஏமாறுகிறார்கள். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் கட்டாயம் ஊடுருவவிட வேண்டும் என்பது விதி. 2012 ஏப்ரல் 27-இல் உச்ச நீதிமன்றம் ஷீட்டே கூடாது என்றது. விதி திருத்தப்பட்டு 2021-இல் நடைமுறைக்கு வந்தபின், அளவு மீறாத ஷீட் ஒட்டலாம் என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ‘50 சதவீத ஷீட், சட்டப்படி சரி’ என்று விற்பது இந்த இடத்தில்தான் இடறுகிறது. கண்ணாடி தன் பங்குக்கு ஏற்கெனவே கொஞ்சம் ஒளியைத் தடுக்கிறது. 75 சதவீதம் விடும் கண்ணாடியில் 50 சதவீத ஷீட் ஒட்டினால், உள்ளே வருவது 37.5 சதவீதம். பகலில் தெரியாது. மார்கழிப் பனியில், விடியலுக்குமுன், கறுப்பு வேட்டி கட்டிய பக்தர் பக்கத்துச் சந்திலிருந்து ஏறும்போது தெரியும், அதாவது தெரியாது. சூட்டுக்காக என்றால், வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பில் வருகிறது. அதை மட்டும் தடுக்கும் நிறமற்ற ஷீட்டுகள் சந்தையில் உள்ளன. விலை கூடுதல்.

பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கும் சங்கு, கறுப்புக் கயிறு, படிக மாலை, திருஷ்டி பொம்மை ஆகியவற்றைப் பற்றி நியாயமாகவே பேச வேண்டும். மெல்லிய கயிறு ஒன்றையும் மறைப்பதில்லை. இரண்டு கண்களுக்கும் நடுவே ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதைவிடக் குறுகிய பொருளுக்குப் பின்னால் இருப்பதை ஒரு கண் விட்டாலும் மறு கண் பார்த்துவிடும். அகலம் பத்து சென்டிமீட்டரைத் தொட்டால் கதை மாறுகிறது. கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் தொங்கும் அப்படி ஒரு பொம்மை, 20 மீட்டர் தூரத்தில் ஒன்றேகால் மீட்டர் அகலத்தை இரண்டு கண்ணிலிருந்தும் முழுதாக மறைக்கும். நேரே வரும் மோட்டார் சைக்கிள் அதற்குள் அடங்கும். மலை வளைவில் பொம்மை ஊசலாடுவது இன்னொரு தொந்தரவு. ஓரப்பார்வை அசைவுக்குத்தான் முதலில் திரும்பும். பொம்மையின் அசைவும் ஆளின் அசைவும் அதற்கு ஒன்றே. புதுக் கார்களில் கண்ணாடிக்கு மேல் கேமரா இருந்தால், அதன் முன்னால் எதையும் ஒட்டவோ தொங்கவிடவோ கூடாது. பூஜைச் சந்தனம் பின்பக்கக் கேமராமேலும் பார்க்கிங் சென்சார்மேலும் காய்ந்து கிடந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம், சாமி கோபிக்காது.

பெரிய தொடுதிரைகளைப் பற்றி ஒரே ஒரு தகவல். 2020-இல் பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வகம் ஓட்டுதல் சிமுலேட்டரில் வைத்துச் சோதித்தபோது, திரையைத் தொட்டு இயக்கியவர்களின் எதிர்வினை நேரம் ஐம்பது சதவீதத்துக்குமேல் கூடியது. அந்த நாட்டுச் சட்ட வரம்பளவு குடித்தவர்களுக்குக் கூடுவது 12 சதவீதம். நம்மூரில் அந்தத் திரையில் யூடியூபே ஓடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? கம்பெனி பதிவு செய்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. எல்லை எங்கே என்று ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960-இல்தான் ஆந்திரத்திலிருந்து நம் பக்கம் வந்த ஊர் திருத்தணி. இந்தச் சட்டத்துக்கு மட்டும் அந்த எல்லை கிடையாது. பொன்பாடி சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே. ஆனால் டேஷ்போர்டு சிலைக்கு எந்தப் போலீசும் அபராதம் போட்டு நான் பார்த்ததில்லை. போடவும் வேண்டாம். அதைக் கடைக்காரரும் வாங்குபவரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

முருகன் காரில் இருக்கட்டும். கியர் லீவருக்கு முன்னால் சிறு குழிவு ஒன்று பல கார்களில் உண்டு. அங்கே கனமில்லாத படமாகவோ தட்டையான சிறு வில்லையாகவோ வைக்கலாம். ஸ்டீயரிங் நடுவும் டேஷ்போர்டின் இடப்பக்கமும் வேண்டாம். ஏர்பேக் இல்லாத பழைய கார் என்றாலும் கனத்த சிலை வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது டேப்பின் பசை இளகி, அடுத்த பலத்த பிரேக்கில் சிலை பிய்த்துக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். அடியில் இருப்பது மெலிதாகக் கீறி வைத்த மூடி. ஹேர் டிரையரால் சிறிது சூடு காட்டிவிட்டு, நைலான் நூலைச் சிலைக்கு அடியில் கொடுத்து, இருபுறமும் பிடித்து அறுப்பதுபோல் இழுத்தால் டேப் இரண்டாகப் பிரிந்து வந்துவிடும். மிச்சப் பசையை விரலால் உருட்டி எடுக்கலாம். திருகாணி போட்டு முடுக்கிய சிலை என்றால் நீங்கள் தொட வேண்டாம், சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போங்கள். ஏர்பேக் மூடியில் ஓட்டை விழுந்திருந்தால் அந்தப் பகுதியையே மாற்றச் சொல்வார்கள். அதற்கான செலவில் மலையடிவாரக் கடையில் நூறு முருகன் வாங்கலாம்.